போயிட்டு வாங்க

பீளமேட்டு பம்ப்செட் கம்பெனி எனக்கு வேலை கொடுத்தது என் முழங்காலுக்காக. வாலிபாலில் நான் எம்பி அடித்தால் எதிராளி பந்தைத் தொடமாட்டான். பகலில் பேருக்கு லேத் பக்கம் நிற்பேன், சாயங்காலம் கம்பெனி பனியனைப் போட்டுக்கொண்டு ஆடுவேன். பன்னிரண்டு வருஷம் இப்படியே போனது. ஒருநாள் அடித்துவிட்டுத் தரையில் இறங்கும்போது முட்டிக்குள் ஏதோ அறுந்தது.

ஆபரேஷன் முடிந்து மேனேஜரைப் பார்க்கப் போனேன். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். ஒரு தாளை நீட்டினார், லீவுக்கு என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டேன். "உடம்பப் பாத்துக்குங்க. போயிட்டு வாங்க" என்றார்.

எங்கள் ஊரில் யாரையும் 'போ' என்று சொல்லும் வழக்கமில்லை. கிளம்புகிறவரும் 'வாரேனுங்க' என்றுதான் சொல்வார். எழவு வீட்டிலிருந்து மட்டும் சொல்லாமல் கிளம்புவோம்.

மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி இறங்கிக் காலைத் தேற்றினேன். திரும்பிப் போனால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. நாற்பது வயதில் எனக்கு வேறென்ன தெரியும்? மேனேஜர் வரட்டும் என்று எதிர்த்த டீக்கடையில் காத்திருந்தேன்.

அங்கே செல்போனில் கிரிக்கெட் ஏலம் ஓடிக்கொண்டிருந்தது.

"பந்தடிக்கறதுக்கு இத்தன கோடிங்களா? அநியாயமுங்க" என்று பொரிந்தார் ஒரு பெரியவர். என்னை அடையாளம் தெரிந்ததும், "நீங்களே சொல்லுங்க, அதிகந்தானுங்களே?" என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "முட்டி போற வரைக்குந்தானுங்க கோடி. அப்பறம் சாகற மட்டும் அவன் எதுல நிப்பானுங்க?"

"அவன் கோடி மேல நிப்பானுங்க. உங்களுக்கு என்ன குடுத்தாங்க?"

லேத் ஆளுக்குக் கொடுத்ததைத்தான் எனக்கும் கொடுத்தார்கள். லேத் ஆளுக்கு இன்னும் கை இருக்கிறது. 

அதைச் சொல்வதற்குள் மேனேஜர் கார் கேட்டைத் தாண்டி வந்தது. விந்தி விந்தி ஓடி மறித்தேன். கண்ணாடியை இறக்கினார்.

"ஏனுங்க, என்ன இந்தப் பக்கம்?"

"கால் தேறிருச்சுங்க. போயிட்டு வாங்கன்னீங்களே, வந்துட்டேனுங்க."

அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். "அட, அது ஒரு பேச்சுக்குச் சொல்றதுங்களே! நீங்கதான் வேலைய விட்டு நின்னுக்கறேன்னு அன்னிக்கே எழுதிக் குடுத்துட்டீங்க. டீமையும் கலைச்சுப்போட்டமுங்க."

நான் கார்க் கதவை விடவில்லை. "கூட்டற வேலையானாலும் குடுங்க" என்று கெஞ்சினேன். மெதுவாக என் விரல்களை எடுத்துவிட்டார். கோபமே படவில்லை.

"பாக்கலாமுங்க. போயிட்டு வாங்க."

'வாரேனுங்க' என்று சொல்லாமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.