துக்க வீட்டுக் கேட்டைச் சாத்தக் கூடாது

ஜூராகானுக்கு நாய் என்றாலே ஆகாது. சின்ன வயதில் ஒன்று கெண்டைக்காலைக் கவ்வியதிலிருந்து, தெருவில் நாயைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுவாள். அப்படிப்பட்டவள் தலையில்தான் ஒரு வேட்டை நாயைக் கட்டிவிட்டு, மகன் எர்மெக் ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குக் கிளம்பினான். ஒரே மகன். கோக்-தாம் ஊரில் பிழைக்க வழியில்லை. இருந்த ஒரு சர்க்கரை ஆலையையும் இழுத்து மூடிய பிறகு வாலிபப் பிள்ளைகள் எல்லாருமே அந்தப் பக்கம்தான் போனார்கள், அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

"அம்மா, இவனை மட்டும் பாத்துக்க" என்றான் பஸ் ஏறும்போது.

"எப்பக் கண்ணு வருவ?"

"இவன் இங்க இருக்கான்ல. வராம எங்க போயிடுவேன்?"

சும்மா சொன்ன பேச்சு. பஸ் நகரும் நேரத்தில் வாயில் வருவதைச் சொல்வதுதானே வழக்கம். ஜூராகான் ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். நாய் உயிரோடு இருந்தால் மகன் வருவான், அவ்வளவுதான் அவள் கணக்கு. பால்வாடிச் சமையலறையில் பாத்திரம் கழுவுகிற அவளுக்கு அதற்கு மேல் நம்ப வேறு என்ன இருந்தது?

நாயின் பெயர் ஷும்கார். மலையில் ஓநாயைத் துரத்திப் பிடிக்கிற சாதி. நீளக் கால், ஒட்டிய வயிறு, காதிலிருந்து பட்டுநூல் மாதிரி தொங்கும் மயிர். பார்த்தால் சாது. ஆனால் தினமும் ஓடவிடாவிட்டால் அது படுத்தும் பாடு சொல்லி முடியாது. முதல் வாரமே ஒரு கதவையும் பெய்ஷெனுடைய ஒற்றைச் செருப்பையும் தின்று தீர்த்தது. பெய்ஷென் அவள் புருஷன். வெளியூர்ச் சிமெண்ட் ஆலையில் உழைத்து நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவர். பத்தடி நடந்தால் இருமுவார், அப்புறம் நின்று திட்டுவார்.

"ஏ கெழவி, உன் மகன் நாயை வளத்துட்டுப் போகல. என் சாவை வளத்துட்டுப் போயிருக்கான்."

திட்டிக்கொண்டேதான் மதில்மேல் தகரம் அடித்து உயர்த்தினார். திட்டிக்கொண்டேதான் கேட்டுக்கு இரண்டாவது தாழ்ப்பாளும் போட்டார். ஏனென்றால் வெளியே போன நாய் திரும்புவது நிச்சயமில்லை. ஊரில் நாய் பெருத்துப்போச்சு என்று நகர நிர்வாகம் வசந்தம் வந்தால் துப்பாக்கி ஆட்களை வண்டியில் அனுப்பிவிடும். கழுத்தில் பட்டை இருக்கிறதா, வீட்டு நாயா, மலை நாயா என்றெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்க அவர்களுக்குப் பொழுதில்லை. தனியாக ஓடினால் சுடுவார்கள். குழந்தை கையில் பிடித்திருந்த நாயைச் சுட்ட கதையும் அந்த ஊரில் உண்டு.

ஆகவே ஜூராகான் ஓட இடம் தேடினாள். ஊருக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், பாழாய்ப் போன கோழிப்பண்ணை ஒன்று கிடந்தது. கூரை கிடையாது, சுற்றி மதில் மட்டும் ஆள் உயரத்துக்கு நின்றது. மதிலில் இருந்த ஓட்டைகளை முள்ளு வெட்டிவந்து ஒவ்வொன்றாக அடைத்தாள். விடிந்ததும் நாயைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, அல்லது நாய் அவளைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு, சந்தைத் தெரு வழியாகப் போவாள்.

"என்னக்கா, நீங்க நாயைக் கூட்டிட்டுப் போறீங்களா, நாய் உங்களைக் கூட்டிட்டுப் போகுதா?" என்பாள் காரட் விற்கிறவள்.

"எங்க ரெண்டு பேரையும் என் மகன் கூட்டிட்டுப் போறான். நீ காரட்டைப் பாரு."

பண்ணைக்குள் போய்க் கயிற்றை அவிழ்த்தால் ஷும்கார் ஓடும். என்ன ஓட்டம். சுவரோரமாகச் சுற்றிச் சுற்றி, கால் தரையில் படுகிறதா என்றே தெரியாது. ஜூராகான் கவிழ்ந்து கிடந்த தொட்டிமேல் உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு பார்ப்பாள். முதலில் பயந்துகொண்டு பார்த்தாள். பிறகு எப்போது என்று தெரியாமலே பிடித்துப்போய்ப் பார்த்தாள். ஓடி முடித்து அது வந்து தன் கனத்த தலையை அவள் மடியில் போடும்போது, இருபது வருஷமாக யாரும் இப்படித் தன்மேல் சாயவில்லையே என்று தோன்றும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் ஊர் சிரிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை எர்மெக் போனில் கூப்பிடுவான். நல்லா இருக்கியா, நல்லா இருக்கேன், அப்பா எப்படி, இருமறாரு. அதோடு தீர்ந்தது. அப்புறம் "அவனைக் காட்டும்மா" என்பான். அவள் போனை நாய்க்கு நேரே பிடித்தால் அரைமணி நேரம் அதனோடுதான் பேச்சு. கை கடுத்துப்போகும். கீழே போடமாட்டாள், திரையின் ஓரத்தில் மகன் சிரிப்பது தெரியுமே.

இரண்டாவது இலையுதிர் காலத்தில் பண்ணையை யாரோ வாங்கி, காவல் போட்டு, உள்ளே கிட்டங்கி கட்டத் தொடங்கினார்கள். காவல்காரனிடம் கெஞ்சிப் பார்த்தாள். "இது என்ன நாய்ப் பூங்காவா, போம்மா" என்றுவிட்டான். வேறு வழியில்லாமல் முற்றத்தில், ஆப்பிள் மரத்திலிருந்து கழிப்பறைச் சுவர்வரை கம்பி இழுத்துக் கட்டச்சொன்னாள். கம்பியில் ஒரு வளையம், வளையத்தில் சங்கிலி, சங்கிலியில் ஷும்கார். அது அந்தக் கம்பியோடு போகும், வரும், போகும், வரும். குளிர்காலத்துக்குள் தரையில் ஒரு வாய்க்காலே விழுந்துவிட்டது. மலையிலிருந்து வந்த பெய்ஷெனுடைய தம்பி சாகின் இதைப் பார்த்துவிட்டு எச்சில் துப்பினான்.

"அண்ணி, வேட்டை நாயைக் கம்பியில கோக்கறதுக்கு, அதைச் சுட்டுடலாம்."

"நீ சுடுவ. எர்மெக் வந்து கேட்டா நீயா பதில் சொல்லுவ?"

"அவன் எங்க வரப்போறான்."

அவள் அன்று அவனுக்கு இரண்டாவது கோப்பை தேநீர் ஊற்றவில்லை.

மார்ச் மாதம், பனி உருகிச் சேறான நேரத்தில் பெய்ஷென் இறந்துபோனார். காலையில் எழுந்து, கேட்டின் தாழ்ப்பாளைச் சரிபார்த்துவிட்டு, தின்பண்டம் கேட்கிற பிள்ளை மாதிரி ஜன்னலோரம் உட்கார்ந்தவர், அப்படியே போய்ச் சேர்ந்தார். ஜூராகான் புருஷன் பெயரை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எர்மெக்கோட அப்பா என்பதுதான் வழக்கம். அன்றைக்கும் "எர்மெக்கோட அப்பா, எர்மெக்கோட அப்பா" என்றுதான் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

சாவு விழுந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மதியத்துக்குள் சாகின் ஆட்களோடு வந்து இறங்கினான். முற்றத்தில் கம்பளிக் கூடாரம் எழும்ப வேண்டும், உடலை அதில்தான் கிடத்துவார்கள். கம்பி குறுக்கே நின்றது. சாகின் ஒரே வெட்டில் அதை அறுத்தான். கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்து கல் முட்டுக்கொடுத்தான். துக்கம் கேட்க ஓலமிட்டுக்கொண்டு வருகிற ஆண்களுக்குக் கேட் மூடியிருந்தால் அதைவிட அவமானம் அந்த மண்ணில் கிடையாது. எர்மெக் வந்து சேரும்வரை அடக்கம் இல்லை என்று முடிவாயிற்று. அவன் வேலை பார்த்த ஊரிலிருந்து விமானம் மாறி மாறி வர மூன்றாம் நாள் ஆகும். அதுவரை கேட் திறந்தே இருக்கும்.

கூடாரத்துக்குள் போய் உட்காரும் முன் ஜூராகான் பக்கத்து வீட்டு மைராமைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அடி மைராம், இவனை உன் விறகுக் கொட்டில்ல போட்டுப் பூட்டு. உன் கேட்டையும் திறக்காத. எர்மெக் வந்ததும் அவன் கையில குடுத்துடலாம்."

"நான் பாத்துக்கறேன்க்கா. நீங்க உள்ள போங்க, எல்லாரும் பாக்கறாங்க."

மைராம் நல்லவள், மனசாரத்தான் சொன்னாள். ஆனால் இரண்டு பேருமே ஒன்றை மறந்துவிட்டார்கள். சாவு ஒரு வீட்டில் என்றாலும் விருந்தாளி தெரு முழுக்கத்தான். தூரத்து ஊர்க்காரர்கள் வந்து குவிந்ததும் சாகின் அவர்களைப் பிரித்துப் பிரித்து அக்கம்பக்கத்து வீடுகளுக்கு அனுப்பினான். தன் வழிச் சம்பந்தி முறைக்காரர்களை, பக்கத்திலேயே இருக்கட்டும் என்று மைராம் வீட்டுக்கு அனுப்பினான். சம்பந்திக்குக் கேட்டைச் சாத்த முடியுமா? மைராமும் திறந்துதான் போட்டாள்.

புருஷனை இழந்தவள் கூடாரத்தில் வலப்பக்கம் உட்கார்ந்து, முகத்தைக் கூடாரத்தின் மரப்பின்னல் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். உடல் கிளம்பும்வரை எழுந்து வெளியே நடமாடக் கூடாது. ஆண்கள் ஓலமிட்டு வரும்போதெல்லாம் உள்ளிருந்து ஒப்பாரி எழ வேண்டும். ஜூராகான் இரண்டு நாள் குறைவில்லாமல் செய்தாள். தொண்டை கட்டிப்போயிற்று. மூன்றாம் நாள் காலையில், சுவருக்கு அந்தப் பக்கம், ஷும்காரின் குரைப்பு கேட்டது. கொட்டிலுக்குள்ளிருந்து அல்ல, தெருவில்.

தேநீர்க் கொதிகலனுக்கு விறகு எடுக்கப் போன ஒரு சம்பந்தி, தாழ் மட்டும் போட்டிருந்த கொட்டிலைத் திறந்திருக்கிறார். நாய் அவர் காலுக்கிடையில் புகுந்து ஓடிவிட்டது. இரண்டு நாள் ஓடாத கால். அவருக்கு அது யார் நாய் என்றுகூடத் தெரியாது.

"மைராமைக் கூப்பிடுங்க" என்றாள் ஜூராகான், பக்கத்தில் இருந்தவளிடம்.

"அவ சம்பந்திங்களுக்குப் பரிமாறிட்டிருக்கா. என்ன வேணும், தண்ணியா?"

"நாய் வெளிய போயிடுச்சு."

"அக்கா, இந்த நேரத்துல நாயா?" என்றாள் அவள், காதோடு, இரக்கமாக. துக்கத்தில் புத்தி பேதலிப்பது சகஜம் என்று நினைத்தாள்.

குரைப்பு சந்தைப் பக்கமாகப் போயிற்று. அங்கிருந்து வாய்க்கால் பக்கம். அது பழைய பண்ணைக்குத்தான் போகிறது என்று ஜூராகானுக்குப் புரிந்துவிட்டது. எழுந்தாள். இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவள் திமிறவில்லை. அதற்காகப் பிற்பாடு அவள் தன்னை எத்தனையோ தடவை ஏசிக்கொண்டாள். சுற்றி அத்தனை பேர் இருக்கும்போது, செத்த புருஷனை விட்டுவிட்டு நாய் பின்னால் ஓடினாள் என்ற பேருக்கு அவள் பயந்தாள். யார்தான் பயப்படமாட்டார்கள்?

முதல் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று.

ஜூராகான் வாயைத் திறந்து ஒப்பாரி வைத்தாள். "பூட்டிப் பூட்டி வச்சேனே, யார் வந்து திறந்துவிட்டா. ஓடுற உன் கால் அழக இனி எங்க போய்ப் பாப்பேன். வர்ற பிள்ளைக்கு நான் எதைக் காட்டுவேன்" என்று அழுதாள். கூடாரத்தில் இருந்த பெண்கள் எல்லாரும் உடைந்து அழுதார்கள். புருஷன்மேல் இவ்வளவு உயிரா என்று வெளியே நின்ற கிழவர்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அழுகை நிற்கவில்லை.

எர்மெக் அன்று மதியம் ஓலமிட்டுக்கொண்டே கேட்டுக்குள் நுழைந்தான். மெலிந்து, வேறு யாரோ மாதிரி இருந்தான். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து, முற்றத்தில் நின்று சுற்றும் முற்றும் பார்த்தான். மைராம் அவனை ஓரமாக அழைத்து, நாய் பண்ணைப் பக்கம் ஓடியதையும் துப்பாக்கிச் சத்தம் கேட்டதையும் சொன்னாள். அறுந்து கிடந்த கம்பியைப் பார்த்தான், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். பொழுது சாயத் திரும்பி வந்து, சேற்றுக் காலோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"பண்ணை மதிலோரம் கிடந்தான். புதைச்சுட்டேன்."

"என்னால எழுந்து வர முடியலடா. பிடிச்சு உக்கார வச்சுட்டாங்க."

"தெரியும்மா."

"ரெண்டு வருஷம் கண்ணுல வச்சுக் காப்பாத்தினேன். நீ வர்ற அன்னிக்குப் பாத்து விட்டுட்டேன்."

எர்மெக் அம்மாவின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, அவள் மனசு ஆறட்டும் என்றுதான் அதைச் சொன்னான்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லம்மா. அவன் இருந்திருந்தாலும் நான் இங்க தங்கறதுக்குத் திரும்பி வந்திருக்க மாட்டேன். அங்க ஒருத்தி இருக்கா. கொழந்தையும் இருக்கு. ஏழாம் நாள் சாப்பாடு முடிஞ்சதும் கிளம்பணும்."

ஜூராகான் முகத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேடா."

"சொல்லியிருந்தா நீ அவனைத் துரத்தி விட்டிருப்பியே."

மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய்வரை வந்தது. அதற்குள் கேட்டுக்கு வெளியே ஆண்குரலில் ஓலம் எழும்பியது, எந்த ஊரிலிருந்தோ சேதி கேட்டுப் பிந்தி வந்தவர்கள். எர்மெக் கையை விடுவித்துக்கொண்டு எழுந்து வாசலுக்குப் போனான். ஜூராகான் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து, கட்டிய தொண்டையோடு அழ ஆரம்பித்தாள்.