நாங்களே அடித்த வெள்ளை

சுனாமியோடு மூடிய எங்கள் ஊர் ஆஸ்பத்திரியைத் திரும்பத் திறக்க அரசிடம் பணம் கேட்டு மூன்று வருடம் மனு எழுதினேன். அதுவரை சாதாரணக் காய்ச்சலுக்கும் காரைக்கால் டவுனுக்குத்தான் ஓட வேண்டும். கடைசியில், கட்டடத்தின் சேதத்தை நேரில் பார்க்கப் பாண்டிச்சேரியிலிருந்து ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது.

மீனவர் பஞ்சாயத்து கூடியது. "வர்றவங்க மூஞ்சிய சுளிக்கக் கூடாதுப்பா" என்றார் தலைவர். இரண்டு நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். கோயில் திருவிழாவுக்கு வருவதுபோல வீட்டுக்கு ஓர் ஆளாக வேலைக்கு வந்தார்கள். வெடிப்புகளை சிமெண்டால் பூசி, வெள்ளையடித்து, வாசலில் வாழைமரம் கட்டினோம். சேதத்தைக் காட்ட வேண்டிய நாங்களே அதை மறைக்கிறோம் என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. மனு எழுதிய எனக்குக்கூடவா உறைக்காது!

அதிகாரி சுற்றிப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு, இதுக்கு எதுக்குங்க பணம்?" என்றார்.

"பூச்சுக்குள்ள அத்தனையும் வெடிப்பு சார்" என்று கெஞ்சினேன். அவர் சுவரைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த ஐப்பசி மழையிலேயே பூச்சு உதிர்ந்தது. மறுபடி மனு எழுதினேன். கட்டடம் நல்ல நிலையில் இருப்பதாகப் பதில் வந்தது. ஆதாரமாக ஒரு போட்டோவும் வைத்திருந்தார்கள். பளிச்சென்ற சுவருக்கு முன்னால், அதிகாரிக்கு மாலை போட்டுவிட்டுப் பல்லை இளித்துக்கொண்டு நிற்பது நான்தான்.