வேட்டியை இறக்கிவிட்ட சண்டியர்

நிற்பதற்காகச் சம்பளம் வாங்கிய மனிதர்கள் விருதுநகரில் பலர் இருந்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர் ஆமத்தூர் பெத்தணன். கனகசபாபதியின் மிளகாய் வத்தல் மண்டி வாசலில், காலை லோடு இறங்குவதற்கு முன்னால் வந்து நின்றாரென்றால், பொழுது சாய்ந்து கதவைப் பூட்டும்வரை நிற்பார். உட்கார அனுமதி கிடையாது. உட்கார்ந்திருக்கிற சண்டியரும் கட்டிப்போட்ட கிடாயும் ஒன்று என்பது முதலாளியின் கொள்கை. அந்தக் கொள்கையை அவர் மெத்தைத் திண்டில் சாய்ந்து உட்கார்ந்தபடி அறிவித்தார்.

வேலை என்னவென்றால், அடிப்பது. சீசனில் கிராமத்து வத்தல் வண்டிகள் ஊருக்குள் நுழையும்போதே, எதிர்த்த மண்டிகளின் ஆட்கள் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துத் தங்கள் கடைப்பக்கம் மாட்டைத் திருப்புவார்கள். திருப்புகிற கையைத் திருப்புவது பெத்தணனின் உத்தியோகம். அதில் அவர் ஆற்றிய தொண்டு சாமானியமானதல்ல. தரகர் செல்லச்சாமியின் இடது கைக் கட்டைவிரல் கடைசிவரை வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தது; அது பெத்தணன் திருப்பியது. சாத்தூர் ரோட்டில் இன்னொருவருக்கு மேல்வரிசை முன்பற்கள் ஒரே குத்தில் உதிர்ந்தன. அதற்குப் பிறகு அவர் சீட்டியடிப்பதில் நல்ல பெயர் எடுத்தார்.

அடிப்பதற்கும் ஒரு முறைமை உண்டு. முறைமை தெரியாமல் அடித்தால் அது வெறும் வன்முறை. முதலில் வேட்டியைத் தூக்கிக் கட்ட வேண்டும். குதிகாலால் பின்னே ஒரு தட்டு. கரை மேலே எழும்பும். கை அதைப் பிடிக்கும். முட்டிக்கு மேலே மடித்து இடுப்பில் ஒரு செருகு. இதைப் பெத்தணன் செய்கிற அழகிலேயே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதியை அவருடைய கெண்டைக்கால்கள் தீர்த்துவைக்கும். உரல் மாதிரிக் கால்கள். அவற்றின்மேல் பச்சையும் கறுப்புமாக நரம்புகள் சுருண்டு, முடிச்சு முடிச்சாகப் புடைத்துக் கிடக்கும். ஒவ்வொரு நரம்பும் ஒரு தேர் வடம் என்று ஊர் வியந்தது. அது வியாதி என்று எவருக்கும் தோன்றவில்லை, பெத்தணன் உட்பட.

நயா பைசா புழக்கத்துக்கு வந்த புதிதில் வியாதி தன்னைத் தானே அறிமுகப்படுத்திக்கொண்டது. வலது கணுக்காலுக்கு மேலே ஒரு புண். வத்தல் மண்டி வாசலில் நிற்கிறவருக்குக் காலில் புண் வந்தால் அந்தச் சுகத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. சாக்கை உதறும்போதெல்லாம் நெடி பறந்து நேரே புண்ணில் இறங்கியது. பெத்தணன் அழுகிற சாதி இல்லை. ஆகவே எரிகிறபோதெல்லாம் பக்கத்தில் இருந்தவரை அடித்தார். அந்தச் சீசனில் கனகசபாபதி மண்டிக்கு வந்த வண்டிகள் வழக்கத்தைவிட அதிகம். முதலாளி அதைத் தன் ஜாதக விசேஷம் என்று நம்பினார்.

பெத்தணனின் மனைவி இருளம்மாள் மஞ்சளை அரைத்துப் போட்டாள், வேப்பெண்ணெயைக் காய்ச்சி ஊற்றினாள். எட்டணாக் காசு அகலத்தில் இருந்த புண் ரூபாய்க் காசு அகலத்துக்குப் பதவி உயர்வு பெற்றது. கால் நாறத் தொடங்கியதும் அவள் இனிமேல் பக்கத்தில் படுக்க முடியாது என்று அறிவித்து, புருஷனை மதுரைக்கு ரயிலேற்றினாள்.

மதுரை டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்ன தொழில் என்று கேட்டார். நிற்கிற தொழில் என்றார் பெத்தணன். டாக்டருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படவில்லை. இது வீரம் ஏறிய நரம்பு இல்லை, வீங்கிய ரத்தக் குழாய் என்றார். ஓட்டை விழுந்த கமலைச் சாலில் எவ்வளவு இறைத்தாலும் தண்ணீர் கிணற்றுக்கே திரும்புகிற மாதிரி, காலுக்கு இறங்குகிற ரத்தம் மேலே ஏறாமல் அங்கேயே தேங்குகிறது. புண்ணுக்குக் கட்டுப் போட்டுத் தருவோம். தேக்கத்துக்கு மருந்து, காலை இறுக்கிப் பிடிக்கிற எலாஸ்டிக் காலுறை. காலையில் பாயை விட்டு எழுவதற்கு முன்னாலேயே, படுத்தவாக்கில் காலைத் தூக்கிவைத்துப் போட வேண்டும். இரவு படுக்கும்போதுதான் கழற்ற வேண்டும். இதில் ஏமாற்றினால் புண் திரும்பி வரும். திரும்பி வந்தால், என்று சொல்லி டாக்டர் உள்ளங்கையைக் கத்தியாக்கி முட்டிக்குக் கீழே குறுக்கே இழுத்துக் காட்டினார். பெத்தணன் எத்தனையோ பேருக்குக் காட்டியிருக்கிற சைகை அது. தனக்கு ஒருவர் காட்டியது அதுதான் முதல் தடவை.

காலுறை சீமையிலிருந்து வந்தது. சீமைக்காரர்கள் தங்கள் தோலின் நிறமே தோலின் நிறம் என்று முடிவுகட்டி, அதே நிறத்தில் நெய்திருந்தார்கள். ஆமத்தூர்க் கரிசலில் விளைந்த காலில் அதை ஏற்றியபோது, முட்டிக்கு மேலே பெத்தணனாகவும் முட்டிக்குக் கீழே யாரோ ஒரு துரைசானியாகவும் அவர் காட்சியளித்தார்.

ஏற்றுவதும் லேசில் இல்லை. தினமும் விடியற்காலையில் பெத்தணன் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் உயர்த்த, இருளம்மாள் உறையின் வாயைப் பாதத்தில் மாட்டி, ஒரு காலை அவர் தொடையில் ஊன்றிக்கொண்டு இழுப்பாள். உறை பாதி ஏறி, வழுக்கி, அவள் முழங்கை அவர் அடிவயிற்றில் இறங்கும். ஒருநாள் அவள் மண்டை அவர் மூக்கில் மோதி ரத்தம் கொட்டியது. உள்ளேயிருந்து வந்த முனகலையும் வசவையும் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர்கள், பாவம் அந்தப் பொம்பளையை இப்படியா அடிப்பான் என்று வருந்தினார்கள். வாசலில் வந்து நின்ற பெத்தணனின் மூக்கில் பஞ்சு இருந்தது.

புண் காயத் தொடங்கியது. கால் லேசானது. மாலையில் இரும்பாகக் கனத்த கால்கள் இப்போது வீடுவரை நடந்து வந்தன. ஆனால் ஒரு சண்டியரின் வேட்டி கணுக்காலுக்குக் கீழேயே இருந்தாக வேண்டியதாயிற்று. தூக்கிக் கட்டினால் துரைசானி வெளியே வந்துவிடுவாள். சிரிப்புக்கு ஆளான சண்டியருக்கு எந்த மண்டியிலும் வேலை கிடையாது. ஆகவே அவர் வேட்டியை இறக்கிவிட்டபடியே அடிக்கத் தொடங்கினார்.

இங்கேதான் ஊர் தன் புத்தியைக் காட்டியது. வேட்டியைத் தூக்கிக் கட்டி அடித்தால், உன்னை ஒரு ஆளாக மதிக்கிறேன் என்று அர்த்தம். தூக்கிக் கட்டாமல் அடிப்பது, தின்னும் சோற்றுக்கு இடையில் நாயை விரட்டுகிற மாதிரி. பெத்தணனின் கர்வத்தைப் பாருங்கள், வேட்டியைக் கூடத் தொடாமல் அடிக்கிறார் என்று பஜார் முழுக்கப் பேச்சு. அவர் புகழ் ஏறியது. அடிபட்டவர்கள் மட்டும் காயத்தோடு அவமானத்தையும் சேர்த்து வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

அப்படி எடுத்துப் போனவர்களில் ஒருவர் ஊர்க்காவலன். வெம்பக்கோட்டைக்காரர். எதிர்த்த மண்டி வாசலில் அதே மாதிரி பகலெல்லாம் நிற்கிறவர். தொழிலில் பெத்தணனுக்குச் சமமானவர். ஆமத்தூர் ரோட்டில் ஒரு வண்டிக்காக இருவரும் மோதியபோது, ஊர்க்காவலன் முறைப்படி தூக்கிக் கட்டி நிற்க, பெத்தணன் இறக்கிவிட்ட வேட்டியோடு வந்து கன்னத்தில் ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். ஒரு காது கேட்காமல் போனதைக் கூட ஊர்க்காவலன் பொறுத்துக்கொண்டார். வேட்டியைப் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலை மண்டி வாசலில் அரிவாளோடு வருவதாகவும், தூக்கிக் கட்டி அடிக்காவிட்டால் காலை வெட்டி எடுத்துப் போவதாகவும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

விடிந்ததும் பெத்தணன் காலை உயர்த்தவில்லை. இன்றைக்கு ஒருநாள் மட்டும் உறை வேண்டாம் என்றார். இருளம்மாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னைக்கு ஊர்க்காவலன். நாளைக்கு இன்னொருத்தன் வருவான், அப்பவும் களட்டுவீக. களட்டுனா காலு போகும், களட்டலைன்னா பேரு போகும். பேர வச்சுக்கிட்டு ஒத்தக் கால்ல எங்கன போயி நிப்பீக?"

பெத்தணன் காலை உயர்த்தினார். அன்று உறை ஒரே இழுப்பில் ஏறியது. இருளம்மாளின் கோபம் அப்படி.

மண்டி வாசலில் கூட்டம் கூடியிருந்தது. ஊர்க்காவலன் தொடைவரை தூக்கிக் கட்டி, அரிவாளைத் தொடையில் தட்டிக்கொண்டு நின்றார்.

"ஏலே பெத்தணா, தூக்கிக் கட்டுலே. நான் என்ன ஒனக்குத் தெருநாயா?"

பெத்தணன் கூட்டத்தைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். பிறகு குதிகாலால் பின்னே ஒரு தட்டு, கரை எழும்பியது, கை பிடித்தது, முட்டிக்கு மேலே மடித்து இடுப்பில் ஒரு செருகு.

விருதுநகர் பஜார் நடுவில் துரைசானி வெளியே வந்தாள். டீக்கடை சங்கரலிங்கம்தான் முதலில் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. ஊர்க்காவலன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் அரிவாளை ஓங்கினார். அது பெத்தணனின் இடது தோளில் இறங்கி எலும்பில் நின்றது. பெத்தணன் தராசுத் தட்டிலிருந்த வீசைக்கல்லை எடுத்து அவர் தாடையில் வைத்தார். தாடை இரண்டானது. அத்தோடு தொழில் முடிந்தது. ஆனால் சிரிப்பு முடியவில்லை. தோளில் அரிவாள் தொங்க, பெத்தணன் சிரிப்பை நிறுத்தப் புறப்பட்டார். சங்கரலிங்கத்தைக் கொதிக்கிற பாய்லரோடு சாய்த்தார். ஒரு தரகரின் தலையைத் தரகரின் குடையாலேயே பிளந்தார். சாக்குக் கொக்கியோடு குறுக்கே வந்தவரின் கையை ஒடித்து, கொக்கியை வாங்கிக் கீழே வைத்தார். ஆனால் இந்தப் பக்கம் அடித்தால் அந்தப் பக்கம் சிரித்தார்கள். தெரு முழுவதையும் அடிக்கிற அளவுக்கு அவர் உடம்பில் ரத்தம் மிச்சமில்லை. மண்டி வாசலில், வாழ்க்கையில் முதல்முறையாக, உட்கார்ந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் அடுத்தடுத்த கட்டில். ஊர்க்காவலனின் தாடையைத் துணியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள், பேச்சு இல்லை. கட்டுப் போட வந்த டாக்டர் போர்வையை விலக்கிவிட்டு, தாடையை மறந்து அவர் கால்களையே பார்த்தார். அங்கேயும் தேர் வடங்கள். அங்கேயும் கணுக்காலுக்கு மேலே ஒரு புண், சாம்பல் பூசி மறைத்தது. பக்கத்துக் கட்டிலிலிருந்து பெத்தணன் எட்டிப் பார்த்தார்.

"படுத்துக்கிட்டே போடணும்லே," என்றார். "எந்திரிச்ச பொறவு போட்டா ஏறாது."

ஊர்க்காவலனின் கண்களில் கொலை வெறி இருந்தது. ஆனாலும் காது கேட்கிற பக்கத்தைத் திருப்பிவைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் கனகசபாபதி ஆரஞ்சுப் பழங்களோடு வந்தார். அடி பிரமாதம் என்று பாராட்டினார். அந்தச் சனியனை மட்டும் கழற்றிவிட்டால் அடுத்த வாரமே வேலைக்கு வரலாம்; வெறுங்காலோடு கொஞ்ச நாள் நின்றால் ஊர் மறந்துவிடும் என்றார். பெத்தணன் வலது காலை நீட்டிக் கணுக்காலைப் பார்த்தார். புண் இருந்த இடத்தில் வெங்காயத் தோல் மாதிரி மெல்லிய புதுத் தோல் மூடியிருந்தது.

"காலு என்னோடது மொதலாளி. ஒங்க மண்டிக்கு இம்புட்டு நாளு வாடகைக்கு விட்டிருந்தேன். இனி விடுறதா இல்ல."

முதலாளி வருத்தப்படவில்லை; அவர் வியாபாரி. அப்படியே இருக்கையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, அடுத்த கட்டிலைப் பார்த்தார். ஊர்க்காவலனின் கால்களைத் தராசில் வைக்கிற மாதிரி நோட்டம் விட்டு, கெண்டைக்கால் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்தார்.

"நரம்பு நல்லா இருக்குய்யா. நம்ம வாசல்ல நிக்கியா?"

ஊர்க்காவலனுக்கு வாயைத் திறக்க வழியில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த எனாமல் பேசினை எடுத்து, முதலாளியின் நெற்றியில் பதில் சொன்னார். முதலாளி ஆரஞ்சுப் பழங்களின்மேல் விழுந்தார். எழுந்திருக்கப் பார்த்தவரைப் பெத்தணன் நல்ல கையால் மேல்துண்டைப் பிடித்து உட்காரவைத்தார். இன்னொரு பதில் கிடைக்க அது உதவியாக இருந்தது.

அந்த வார்டில் மூன்றாவது கட்டில் ஒன்று காலியாக இருந்தது.