கை வைக்காத தண்ணீர்

எங்கள் வீட்டு ஹாலில் மீன் தொட்டி வந்து உட்கார்ந்த மறுநாளே அதன் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே தங்கமீன்கள் எங்கே இருக்கின்றன என்று தேட வேண்டியிருந்தது. பக்கத்தில் போனால் ஒரு வாடை. மீன் வாடைக்கு முகம் சுளிக்கிறவள் இல்லை நான். தூத்துக்குடிக் கடற்கரையில் பிறந்தவள். விளமீனைச் செதிள் சீவி, குடலெடுத்து, கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிஷமே சாப்பிட உட்காருவேன். அது கடலின் வாடை. இது மழையில் நனைந்து காயாமல் கிடந்த துணியில் பழைய சோற்றைக் கட்டி வைத்த வாடை. மேலே வெள்ளையாக ஓர் ஏடு வேறு படிந்திருந்தது. பால் ஏட்டைக்கூட அதற்குப் பிறகு என்னால் நிம்மதியாகப் பார்க்க முடியவில்லை.

மற்ற நேரமாக இருந்தால் தொட்டியோடு தூக்கித் தெருவில் வைத்திருப்பேன். நான் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் என் வீட்டுக்காரர். அவருக்குக் கப்பலில், என்ஜின் ரூமில் வேலை. எங்கள் மகள் பிறந்ததை அவர் நடுக்கடலில் இருக்கும்போதுதான் அவருக்குச் சொன்னார்கள். இப்போது அவள் காலேஜுக்குப் போகிறாள். இத்தனை வருஷமும் வந்தார், சூட்கேஸைத் திறந்தார், மூடினார், போனார். அப்படிப்பட்ட மனிதர் இந்தத் தொட்டியை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்து இறக்கியபோது சொன்னார்:

"இனிமே கப்பலுக்குப் போகலளா. நான் போயிட்டா இதுகள யாரு பாப்பா?"

இந்தப் பேச்சைக் கேட்கத்தான் நான் காத்துக்கிடந்தேன். தொட்டி இருக்கும்வரை ஆள் இருப்பார் என்று நம்பினேன். அதற்காக எந்த நாற்றத்தையும் சகித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அந்த நாற்றம் எப்படிப்பட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

கப்பலில் டேங்க் கழுவுவதென்றால் தண்ணீரை வெளியேற்றி, உள்ளே இறங்கித் தேய்த்து, மறுபடி நிரப்புவார்களாம். வீட்டிலும் அதே முறைதான். காலையில் எழுந்ததும் ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு மறு முனையை வாயில் வைத்து உறிஞ்சுவார். தண்ணீர் சில நாள் வாளிக்கு வரும், சில நாள் அவர் வாய்க்குள் வரும். த்தூ என்று ஹால் தரையிலேயே துப்புவார். நான் அந்த இடத்தை பினாயில் ஊற்றித் துடைப்பேன். மீன்களை என் சட்டிக்குள் பிடித்துப் போட்டுவிட்டு, கல்லையெல்லாம் அள்ளி, கண்ணாடியைத் தேய்த்து, புதுத் தண்ணீர் ஊற்றுவார். குழாயில் எப்போதாவது வருகிற தண்ணீரை நான் டிரம்மில் பிடித்து வைத்தால் அது இதற்குத்தான் போனது. அன்று முழுக்கத் தொட்டி பளபளக்கும். மறுநாள் விடிந்தால் பழையபடி கழுநீர்.

தண்ணீரைச் சுத்தம் செய்கிற மோட்டாருக்குள் ஒரு பஞ்சு உண்டு. அதை ஒருநாள் குசினியில், பாத்திரம் கழுவுகிற தொட்டியில் வைத்துப் பிழிந்துகொண்டிருந்தார். பழுப்பாக, சளி மாதிரி ஒன்று அவர் விரலிடுக்கில் வழிந்து என் இட்லித் தட்டின் மேல் இறங்கியது. எனக்கு ஓங்கரித்துக்கொண்டு வந்தது. துறைமுகத்திலிருந்து பறந்து வருகிற கரித்தூளை ஜன்னலில் ஒரு நாளும் தங்கவிடாமல் துடைக்கிறவள் நான். அந்த இட்லித் தட்டை வேலைக்கு வருகிற அம்மாளிடம் தூக்கிக் கொடுத்துவிட்டேன்.

மகள்தான் போனில் எதையோ பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"யப்பா, புதுத் தொட்டின்னா இப்படித்தான் கலங்குமாம். தண்ணில நல்ல கிருமி கொஞ்சம் வளரணுமாம். நீங்க தெனமும் கழுவி அதையும் சேத்துக் கொட்டுதிய. தீனியக் கொறச்சுப் போட்டுட்டு, சும்மா விடுங்க. தானாத் தெளியும்."

"ஏளா, நான் எத்தன டேங்க் கழுவுனவன்னு தெரியுமா? போனப் பாத்துட்டு எனக்குச் சொல்லித் தாரியா?"

எனக்கோ அவள் சொன்ன அந்த வார்த்தையே உடம்பைக் கூச வைத்தது. கிருமியை வளர்க்க வேண்டுமாம்! அதுவும் ஹாலில், டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர்கள் பார்க்கும்படி. அவளை வாயை மூடு என்று அதட்டினேன். அதட்டியதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. தண்ணீர் கலங்கியிருக்கும்வரை அவருக்கு வேலை இருந்தது. வேலை இருக்கும்வரை சூட்கேஸ் பீரோவுக்கு மேலேயே கிடந்தது. தெளியாமலே கிடந்து தொலையட்டும் என்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேண்டியிருக்கிறேன்.

பிறகு ஒரு மீன் செத்தது. மற்றவை அதன் கண்ணைக் கொத்திக்கொண்டிருந்தன. அவர் அதைக் கையால் எடுத்து, அருகில் இருந்த சாசரில் வைத்தார். நான் டீ குடிக்கிற சாசர். நான் போட்ட சத்தம் மாடி வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"இந்த வீட்டுல ஒண்ணுமே சரிவர மாட்டேங்கு," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அந்த வாரமே கப்பலுக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் கூப்பிட்டான். பால்கனியில் நின்று பேசினார். என்ன பேசினார் என்று காதில் விழவில்லை, குரல் மட்டும் கேட்டது. தொட்டி வந்த பிறகு அப்படி ஒரு தெம்பான குரலை நான் கேட்கவே இல்லை. உள்ளே வந்து, "ஒரே ஒரு கான்ட்ராக்ட்ளா. அதுக்கப்புறம் கப்பல் பக்கம் தலவச்சுப் படுக்க மாட்டேன்," என்றார்.

"மீன யாரு பாப்பா?"

"நீ இருக்கியல்லா?"

புறப்படுகிற அன்று காலையில்கூடக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சினார். அவர் போனதும் நான் ஒரு பழைய சேலையை எடுத்துத் தொட்டியை மூடிவிட்டேன். அதைக் காணவே பிடிக்கவில்லை. மகள் மட்டும் சேலை நுனியைத் தூக்கித் துளி தீனி போட்டுவிட்டுப் போவாள். நான் அந்தப் பக்கம் திரும்ப மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அவருடைய தங்கச்சி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சேலையைக் கண்டதும் அவளுக்குக் கை சும்மா இருக்குமா?

"மைனி, இங்கன வந்து பாருங்க!"

அடியில் கிடந்த ஒவ்வொரு கல்லும் தெரிந்தது. தண்ணீர் இருப்பதே தெரியவில்லை.

"கண்ணாடி கணக்கால்லா இருக்கு! கை வைக்க ஆளு இல்லல்லா, அதான்," என்று சிரித்தாள். உடனே போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பினாள். அவரிடமிருந்து குரலிலேயே பதில் வந்தது. பின்னால் என்ஜின் இரைச்சல்.

"பாத்தியா? கெளம்பும்போது ஒரு கழுவு கழுவுனேன்லா. அந்தக் கழுவுதான்."

குரலில் அத்தனை சந்தோஷம்.

நான் குனிந்து தொட்டியை மோந்து பார்த்தேன். ஒரு வாடையும் இல்லை. தரை காய்ந்திருந்தது. வாளி அதன் இடத்தில் இருந்தது. டிரம் நிறையத் தண்ணீர் இருந்தது. வீடு எனக்குப் பிடித்த மாதிரி அத்தனை சுத்தமாக இருந்தது. மீன்கள் வாயைத் திறந்துகொண்டு என்னை நோக்கி வந்தன.

எல்லாம் அவர் இல்லாத சுத்தம். குசினிக்கு ஓடி, அவர் பஞ்சு பிழிந்த அதே தொட்டியில் குனிந்து வாந்தி எடுத்தேன்.