நஞ்சப்ப ஆசாரியின் சந்தேகம்

எங்கள் அன்னூரில் நஞ்சப்ப ஆசாரியை நம்பாதவர்கள் இல்லை. அவர் நம்பிய ஆள்தான் ஒருவரும் இல்லை. பொன்னை உரசி உரசி, எதைப் பார்த்தாலும் உரசிப் பார்க்கும் புத்தி அவருக்கு வந்துவிட்டது. சொந்த வீட்டு மோரையே முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். பூசாரி திருநீறு கொடுத்தால், எந்த அடுப்புச் சாம்பல் என்று கேட்பார். சந்தேகத்தை மனசுக்குள் வைத்துக்கொள்கிற நாகரிகமும் கிடையாது, முகத்துக்கு நேரே போட்டு உடைத்துவிடுவார். அதனால் விசேஷ வீடுகளில் அவருக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டு அனுப்பிவிடுவார்கள். ஆனால் குழந்தைக்குக் காது குத்த வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவ்வளவு லேசான கை.

முப்பத்தேழாம் வருஷம் தை மாதம் தம்பிதுரைக் கவுண்டர் தம் மகன் ஈஸ்வரமூர்த்திக்கு மாரியம்மன் கோயிலில் காதுகுத்து வைத்தார். பையனின் அம்மா தெய்வாத்தாள் அந்தியூர்க்காரி. அவள் அண்ணன் அங்கப்பன் தாய்மாமன் முறைக்குப் புது உருமாலைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, பையனை மடியில் வைத்து உட்கார்ந்தான். ஆசாரி ஒரு காதைக் குத்தி முடித்தார். மறு காதைப் பிடித்தபோது தெய்வாத்தாள் குனிந்து, அவர் காதில் மட்டும் விழும்படி கேட்டாள்.

"ஏனுங்க ஆசாரி, ஒரு காது மட்டும் குத்தினாப் போதாதுங்களா?"

ஆசாரிக்குச் சுருக்கென்றது. தாம் செய்த கடுக்கனின் பொன் மாற்றில் இவளுக்கு நம்பிக்கையில்லை, ஒன்றைக் கொண்டுபோய் வேறெங்கோ உரசிப் பார்க்க நினைக்கிறாள் என்று அவருக்குப் பட்டது.

"ஒத்தைக் காதுக்குக் காதுகுத்துன்னு எங்கயாச்சும் வெப்பாங்களா அம்மணி?" என்று சொல்லிவிட்டு மறு காதையும் குத்தினார்.

பொட்டு ரத்தம் வந்து நின்றது. விருந்து நடந்தது. ஆசாரியின் கண் மட்டும் அங்கப்பன் மேலேயே இருந்தது. காதுக்குக் கீழே வரை இறக்கிக் கட்டிய உருமாலை அவன் சாப்பிடும்போதுகூட அவிழ்க்கவில்லை. வேர்வை சோற்றில் சொட்டியது. நடக்கும்போது ஒரு முழங்காலை இழுத்தான். கேட்டதற்கு மாடு உதைத்துவிட்டது என்றான். இவன் எதையோ ஒளிக்கிறான் என்று முடிவு கட்டிக்கொண்டு ஆசாரி வீடு திரும்பினார்.

மறுநாள் விடிந்தபோது பையனின் தலையணை நனைந்திருந்தது. இரண்டு காதிலும் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. மஞ்சள் வைத்தார்கள், காப்பித்தூள் வைத்தார்கள், ஒன்றுக்கும் நிற்கவில்லை. பையன் உரித்த வாழைத்தண்டு போல வெளுத்துவிட்டான். தம்பிதுரையின் பங்காளிகள் ஆசாரியைக் கைக்குள் போட்டுக்கொண்டு ஊசியில் விஷம் தடவிவிட்டார்கள் என்று ஊர் பேசியது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்டவரை இப்போது ஊரே சந்தேகப்பட்டது.

தம்பிதுரை பட்டறை வாசலில் வந்து நின்றார். "பையனுக்கு எதாச்சும் ஆச்சுன்னா உங்களை உசுரோட உடமாட்டேனுங்க."

கொலை செய்வேன் என்பதையும் எங்கள் பக்கத்தில் மரியாதை குறையாமல்தான் சொல்வோம். ஆசாரிக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. தம்பிதுரையும் தெய்வாத்தாளும் அங்கப்பனும் பையனைக் கோயமுத்தூருக்குக் கொண்டுபோன பஸ்ஸில், யாரும் கூப்பிடாமலே தாமும் ஏறிக்கொண்டார். டாக்டரிடம் காட்ட ஊசியைத் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தார்.

டாக்டர் பாலகோபால் ஊசியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையனின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் விட்டு, சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். வெகுநேரம் ஆகியும் அது தண்ணீராகவே ஓடியது.

"நல்ல ரத்தம் இந்நேரம் தயிர் மாதிரி உறைந்திருக்கும். காயத்தை அடைப்பதே அந்த உறைவுதான். இவன் ரத்தத்தில் உறைய வைக்கிற சத்து ஒன்று பிறவியிலேயே குறைவு. இது அம்மா வழியில் வருவது. அம்மாவின் உடம்பில் ஒன்றும் தெரியாது, பிள்ளைகளில் ஆணுக்கு வரும். உங்கள் பக்கத்தில் யாருக்காவது இப்படி உண்டா?"

தெய்வாத்தாள் தலை குனிந்துகொண்டாள். அங்கப்பன் முந்திக்கொண்டான். "யாருக்கும் இல்லீங்க. பையனுக்கு ரத்தம் ஏத்தோணும்னா என்னுதை எடுத்துக்குங்க. எம் மடியில வெச்சுத்தானுங்க குத்துனாங்க."

சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தும்விட்டான். டாக்டர் ஊசியை எடுத்தார்.

"சித்த இருங்க டாக்டர்," என்றார் ஆசாரி. "மொதல்ல இவரை உருமாலைக் கழட்டச் சொல்லுங்க."

அங்கப்பன் அசையவில்லை. தம்பிதுரையே எழுந்து போய் உருமாலை உருவினார். எங்கள் பக்கத்தில் காது குத்தாத ஆம்பிளையைப் பார்ப்பது அபூர்வம். அங்கப்பனின் இரண்டு காதும் பிறந்தபடியே இருந்தன.

அங்கப்பன் அழுதுவிட்டான். "எனக்கு மூத்தவன் காது குத்தி இப்படியே ஒழுகிப் போயிட்டானுங்க. அப்புறம் எங்கப்பன் எம்பக்கம் ஊசியே கொண்டார உடலீங்க. வெளிய தெரிஞ்சா பொண்ணுங்களை ஆரும் கட்டமாட்டாங்கன்னு சத்தியம் வாங்கிட்டாருங்க."

டாக்டர் அவன் முழங்காலை அழுத்திப் பார்த்தார். மாடு உதைத்ததல்ல, உள்ளேயே ரத்தம் கசிந்து கட்டிய வீக்கம். "உங்கள் ரத்தத்தால் பையனுக்குப் பிரயோசனமில்லை. ஊசி குத்தியிருந்தால் அந்த இடத்தில் உங்களுக்கும் ரத்தம் நின்றிருக்காது," என்றார்.

பிறகு தம்பிதுரையின் ரத்தத்தைப் பையனின் ரத்தத்தோடு கலந்து பார்த்தார். திரியாமல் சேர்ந்தது. அதை எடுத்து ஏற்றினார்கள். சாயங்காலம் கசிவு குறைந்து மறுநாள் நின்றது. இனி விழுந்தாலும் பல் பிடுங்கினாலும் ஆபத்துதான், பத்திரமாக வளர்க்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

ஆசுபத்திரி வாசலில் தம்பிதுரை ஆசாரியை நிறுத்தினார். பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தெய்வாத்தாள் பக்கத்திலேயே நின்றாள்.

"எதுவும் உங்க கண்ணுக்குத் தப்பாதுங்க, அதனாலதான் கேக்கறேன். இவளுக்கு இது முன்னாடியே தெரியுமுங்களா? தெரிஞ்சும் மறைச்சிருந்தா இவ அந்தியூர்லயே இருந்துக்கட்டும். பையனைப் பாத்துக்க எனக்குத் தெரியும்."

ஒரு காது போதாதா என்று அவள் கேட்டது அப்போதுதான் ஆசாரிக்குப் புரிந்தது. அவள் கடுக்கனைச் சந்தேகப்படவில்லை. அப்பனுக்குச் செய்த சத்தியத்துக்கும் பிள்ளைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, அவளால் கெஞ்ச முடிந்தது அவ்வளவுதான். அதைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. தெய்வாத்தாள் அவர் வாயையே பார்த்தாள்.

"அந்த மூத்தவன் போனது அம்மணி பொறக்கறதுக்கு முந்தி நடந்ததுங்க. அவிங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"நான் எப்பவாச்சும் சந்தேகத்தை மனசுல வெச்சுட்டுப் பேசியிருக்கறேனுங்களா கவுண்டரே?"

அது வாஸ்தவம்தானே என்று தம்பிதுரை நம்பிவிட்டார். பையனையும் அவளையும் கூட்டிக்கொண்டு அன்னூர் பஸ்ஸைத் தேடிப் போனார்.

அடுத்த தை மாதம் அதே கோயிலில் மறுபடி கூடினார்கள். பையனின் காதுத் துளைகள் தூர்ந்துபோயிருந்தன. அங்கப்பன் வெறுந்தலையோடு அவனை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். ஆசாரி ஊசி கொண்டுவரவில்லை. துளையில்லாமல் காது மடலைக் கவ்விப் பிடிக்கும்படி ஒரு சோடிக் கடுக்கன் செய்து வந்திருந்தார். ஒன்றை மாட்டிவிட்டு, மற்றொன்றைக் கையில் வைத்துக்கொண்டு தெய்வாத்தாளைப் பார்த்தார்.

"ரெண்டு காதுக்கும் போடுங்க ஆசாரி," என்றாள் அவள்.