என்னைக் கேட்ட கேள்வி, அஞ்சலை சொன்ன பதில்

போன வாரம் எனக்கு ஒரு பரீட்சை நடந்தது.

எழுதுகிற பரீட்சை இல்லை. தானே பல் தேய்க்க முடியுமா, தலை வார முடியுமா, சாப்பிட முடியுமா, சேலை கட்ட முடியுமா... இந்த வயதில் இதற்கெல்லாம் மார்க் போட, விழுப்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் ஒரு பெண் வந்தாள் என்றால் நம்புவீர்களா?

லேசான பக்கவாதம் வந்து என் இடது கை மடங்கிக்கொண்ட கதையை இந்தப் பக்கத்தில் ஏற்கெனவே புலம்பியிருக்கிறேன். வலது கை தப்பித்தது. அதனால்தான் உங்களால் தப்பிக்க முடியவில்லை!

வந்த பெண்ணின் பெயர் பவித்ரா. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாம். கையை நீட்டு, மடக்கு என்று பயிற்சி கொடுப்பவர்கள் வேறு. அந்தக் கையை வைத்துக்கொண்டு நம் வேலையை நாமே பார்த்துக்கொள்கிறோமா என்று பார்ப்பவர்கள் இவர்கள். சென்னையிலிருக்கும் என் மகன்தான் ஏற்பாடு செய்திருந்தான்.

"அம்மா, நீ தனியா இருக்கலாம்னு அவங்க சொன்னா செஞ்சியிலயே இரு. முடியாதுன்னு சொன்னா, மறு பேச்சு பேசாம இங்க வந்துடணும்."

மகன் நல்லவன். மருமகள் அவனைவிட நல்லவள். ஆனால் அவர்கள் ஃப்ளாட்டில் பாத்ரூம் கதவு நேராக ஹாலில் திறக்கிறது. ஹாலில் டிவி. டிவி முன்னால் எப்போதும் நான்கு பேர். நான் உள்ளே போவதையும் வருவதையும் அத்தனை பேரும் பார்க்கிற மாதிரியே எனக்குத் தோன்றும். போன முறை போயிருந்தபோது, சீரியல் முடியும்வரை காத்திருந்தே எனக்கு வயிற்று வலி வந்துவிட்டது. என் கூச்சம் உங்களுக்குத் தெரியாதா என்ன?

ஆக, பரீட்சையில் பாஸாக வேண்டும். எப்படியாவது.

இந்த விஷயத்தை எதிர்வீட்டு அஞ்சலையிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ கேள்வி கேட்க வருகிறார்கள்' என்று மட்டும் சொன்னேன். அவ்வளவுதான். அஞ்சலை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

எங்கள் தெருவில் யாருக்கு எந்த அரசாங்க அட்டை வேண்டுமென்றாலும் கூடப் போகிறவள் அவள். அவளுடைய தம்பிக்குக் கால் ஊனம். உதவித்தொகைக்கு ஆள் பார்க்கிற முகாமில், "படி ஏறுவியா?" என்று கேட்டதற்கு அவன் ரோஷமாக, "ஓடியே ஏறுவேன்" என்று சொல்லிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்தான். அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கொள்கை. பேனாவோடு யார் வந்து கேட்டாலும், 'முடியாது'!

பவித்ரா பேப்பரை விரித்து, என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஆயா, நீங்களே சாப்பிடுவீங்களா?"

"எங்க சாப்புடுது?" என்றாள் அஞ்சலை. "நான்தான் ஸ்பூன்ல ஊட்டுறேன்."

நான் விழித்தேன்.

"வலது கை நல்லாத்தானே இருக்குது?"

"கை நல்லாத்தான் இருக்குது டாக்டரம்மா. மனசு தளர்ந்துடுச்சி இல்ல?"

"தலை வாரிக்குவாங்களா?"

"அது சீப்பை மறந்தே போச்சி."

"பாத்ரூம் போறது?"

"அதை ஏன் கேக்கறீங்க..." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் வேறு! எனக்கே என்மேல் பரிதாபம் வந்தது.

நீங்கள் கேட்கலாம். வாயைத் திறந்து 'இல்லை' என்று ஒரு வார்த்தை சொல்வதற்கென்ன? சொல்லியிருக்கலாம். ஆனால் நமக்காக ஒருத்தி அழும்போது குறுக்கே பேசுவது எப்படி? ஆஸ்பத்திரியிலும் இப்படித்தான். வலி எனக்கு. 'எங்கே வலிக்குது?' என்று கேட்டால் மகன் ஒரு இடத்தைக் காட்டுவான், மருமகள் ஒரு இடத்தைக் காட்டுவாள். நான் யார் சொல்வது சரி என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பவித்ரா பேனாவை மூடினாள். "இப்படின்னா ஆயா தனியா இருக்க முடியாதுக்கா. மகன் கூடப் போயிடறதுதான் சேஃப். நான் இன்னிக்கே அவர்கிட்ட சொல்லிடறேன்."

அஞ்சலையின் கண்ணீர் சட்டென்று நின்றது.

"இன்னாது? கூட்டினு போறதா? யாரை?"

"ஆயாவைத்தான். சென்னைக்கு."

"ஐயையோ! எதுக்கு? போன அமாவாசைக்கு மேல்மலையனூர் கூட்டத்துல பூந்து சாமி பாத்துச்சி டாக்டரம்மா! வரும்போது ஸ்பெஷல் பஸ்ல நின்னுனே வந்துச்சி! எனக்கு சீட்டு புடிச்சிக் குடுத்ததே இதுதான்!"

நான் அமாவாசையன்று வீட்டைவிட்டு இறங்கவே இல்லை.

"நீங்கதானே ஸ்பூன்ல ஊட்டறேன்னு சொன்னீங்க?"

"அது... ஒரு பாசத்துல ஊட்டறதுதான்."

பவித்ரா சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்குகிறாள் என்பது கன்னத்தில் தெரிந்தது. "அக்கா, நீங்க ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்ல வேணாம். ஆயா செஞ்சி காட்டட்டும். நான் பாக்கறேன்."

முதலில் சாப்பாடு. தட்டில் இட்லி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்த பெண் சும்மா உட்கார்ந்திருக்க, நான் மட்டும் எப்படி வாயில் வைப்பது?

"நீ மொதல்ல சாப்புடும்மா."

"நான் சாப்பிடக் கூடாது ஆயா. டெஸ்ட் பண்ண வந்திருக்கேன்."

"அப்ப எனக்கும் வேணாம்."

இட்லி ஆறிக்கொண்டிருந்தது. கடைசியில் அந்தப் பெண் தோற்றாள். அவள் ஒரு வாய் வைத்தாள், நான் ஒரு வாய் வைத்தேன். இட்லியும் தீர்ந்தது, டெஸ்ட்டும் முடிந்தது. தலை வாரிக் கொண்டை போட்டேன். கோணல்தான். ஆனால் என் கொண்டை எப்போது நேராக இருந்தது?

அடுத்தது சேலை. "கட்டிக் காட்டுங்க ஆயா."

அந்நியப் பெண் எதிரிலா? எழுந்தேன். அறைக்குள் போனேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வெளியிலிருந்து அவள், "ஆயா, நான் பார்த்தாத்தான் மார்க் போட முடியும்" என்றாள். நான் காதில் வாங்கவே இல்லை. வேறு சேலை கட்டி, கொசுவத்தை நீவி விட்டு, கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

அவள் என் சேலையைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போய் அந்தத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தாள். வரவில்லை. இன்னும் அழுத்தினாள். ம்ஹூம்.

"எனக்கே வரலையே. நீங்க எப்படிப் போட்டீங்க?"

"கதவை இடது கையால இழுத்துப் புடிச்சினு..." சொல்லும்போதே நின்றுவிட்டேன். ஆமாம், இடது கையால்தான்! தினமும் இழுக்கிறேன். கை தேறியது எனக்கே தெரியாமல் போயிருக்கிறது. என் கூச்சம் இத்தனை காலத்தில் எனக்குச் செய்த ஒரே உபகாரம்.

பவித்ரா ஏதோ எழுதினாள். முகம் மலர்ந்திருந்தது. பாஸ் என்று நினைத்தேன். அப்போது, "ஜாக்கெட்டும் நீங்களேதானே போடுவீங்க ஆயா?" என்று கேட்டாள்.

நான் அஞ்சலையைப் பார்த்தேன்.

"ஓ! அதெல்லாம் டக்குனு போட்டுக்கும்" என்றாள் அஞ்சலை.

தலையாட்டினால் போதும். நான் செஞ்சியிலேயே இருக்கலாம். ஆனால் இந்தப் பெண் என் கதவைப் போய்த் தொட்டுப் பார்த்தவள் அல்லவா? அவளிடம் பொய்யா?

"இல்லம்மா" என்றேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன். "ஹூக் மட்டும் முடியல. அஞ்சலைதான் வந்து மாட்டி விடுவா."

சொன்னபிறகு தரையைப் பார்த்துக்கொண்டேன். சென்னை ஃப்ளாட்டின் ஹாலில் டிவி ஓடும் சத்தம் இங்கேயே காதில் கேட்டது.

"அவ்ளோதானே?" என்றாள் பவித்ரா. "ஒரு ஹூக்குக்காக யாராவது ஊரை விட்டுப் போவாங்களா? ஹூக்குக்குப் பதிலா ஒட்டுற பட்டி வச்சி தைக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அக்கா மாட்டட்டும். பாத்ரூம்ல புடிச்சிக்க ஒரு கம்பி வைக்கணும். மத்தபடி நீங்க தாராளமா இங்க இருக்கலாம்."

அங்கேயே மகனுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் அவன், "சரிங்க. அம்மா என்ன சொல்றாங்க?" என்று கேட்டான்.

அஞ்சலை ஃபோன் பக்கம் குனிந்தாள். நான் இடது கையால் அவளைத் தள்ளினேன். நன்றாகவே தள்ளியது.

"நான் இங்கயே இருக்கேன்ப்பா" என்றேன்.

ஒட்டுற பட்டி வைத்த ஜாக்கெட் இன்னும் டெய்லரிடம்தான் இருக்கிறது. அதனால் தினமும் காலையில் அஞ்சலை வருகிறாள். ஹூக்கை அவள் மாட்டுகிறாள். யாராவது என்னை நலம் விசாரித்தால் நானே பதில் சொல்கிறேன் — அவள் மூச்சு வாங்கும் இடைவெளியில்!