"கீர" என்று தொடங்கும் ஊர்

பிள்ளைகளே, நான் இரண்டாம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகிய வருஷம் அது. யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸைக் கரி போட்டு ஓட்டினார்கள். தீப்பெட்டி முதல் கடைப் பலகை வரை கண்ணில் பட்டதையெல்லாம் உரக்கப் படித்து, வீட்டில் எல்லோர் காதையும் புண்ணாக்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தின வருஷம், கீரனூருக்குப் பக்கத்தில் எங்கள் கொல்லையை உழுதபோது அப்பாவின் கலப்பையில் ஏதோ தட்டியது. தோண்டினால் அம்மன் சிலை. கலப்பையின் கொழு பட்டு இடது காதில் ஒரு துண்டு பெயர்ந்திருந்தது. வேப்பமரத்தடியில் நிறுத்தினோம். ஆத்தா, அதாவது என்னைப் பெற்றவள், வெள்ளிதோறும் சிலையைக் குளிப்பாட்டி, அந்தக் காதில் மட்டும் துளி நெய் தடவுவாள், அடிபட்ட பிள்ளைக்குத் தடவுவது போல. தங்கச்சிக்கு அம்மை கண்டு கண் திறக்காமல் கிடந்தபோது அந்தக் கல்லிடம்தான் மாவிளக்கு வேண்டிக்கொண்டாள். கண் திறந்தது. ஆனால் மாவு இடிப்பதற்குள் சமஸ்தானத்து ஆட்கள் வந்து, பழங்காலத்துச் சிலை என்று சொல்லி, புதுக்கோட்டை மியூசியத்துக்கு வண்டியில் ஏற்றிப் போய்விட்டார்கள். அதிலிருந்து தங்கச்சி கண்ணில் கொஞ்சம் பீளை கட்டினாலும் ஆத்தாவுக்குச் சோறு இறங்காது.

மறுவருஷம் கோடையில் கீரனூர்ச் சந்தையில் தண்டோரா போட்டார்கள். சித்திரை, வைகாசி முழுக்க மியூசியத்தில் ஊர்மக்களுக்குக் கதையும் படக்காட்சியும் உண்டு, வெள்ளிக்கிழமை பெண்களுக்கு மட்டும், மோர்ப்பந்தலும் உண்டு. ஆத்தா இதைத் தன் போக்கில் கேட்டுக்கொண்டு வந்தாள்.

"வெள்ளிக்கெழம, பொம்பளைக, மோர்ப்பந்தல். நம்ம ஆத்தாளுக்குத் திருவிழா எடுக்கிறாக!"

பெரியம்மா சிரித்தாள். "அடி கூறுகெட்டவளே, அது செத்த காலேசு. செத்த புலி, செத்த பாம்பெல்லாம் வச்சிருக்காகளாம். அங்கிட்டா பச்சப்புள்ளையத் தூக்கிட்டுப் போற?"

"எது செத்துக் கெடந்தா எனக்கென்ன? வாக்குக் குடுத்த எடத்துக்குப் போகணும்ல?"

மியூசியத்து வாசலில் காவலாளி எங்கள் மாவிளக்குத் தட்டைப் பார்த்து மறித்தார். "நெருப்புப் பத்தவச்சா என் வேல போயிரும் தாயி. இது கோயில் இல்ல."

"கோயில் இல்லாட்டி எதுக்கு அம்புட்டுச் சாமியும் இங்க நிக்குது?"

அந்தப் பக்கம் வந்த கோட்டுப் போட்ட அதிகாரிதான் சொன்னார்: "இவுகள வரச்சொன்னது நாமதானய்யா? கட்டடத்துக்குள்ள வேணாம். சிலையெல்லாம் முத்தத்துலதான இருக்கு, அங்க ஏத்திக்கிடட்டும்."

முற்றத்தில் சிலைகள் வரிசையாக நின்றன. காலடியில் ஆளுக்கொரு சின்னப் பலகை. ஆத்தா தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக முகம் பார்த்து நடக்கத் தொடங்கினாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"எழுதிப் போட்டிருக்கு ஆத்தா! நான் படிச்சுச் சொல்றேன்."

முன்னால் ஓடினேன். நடுவில் நல்ல உயரமாய் ஓர் அம்மன். பலகையில் விரல் வைத்துக் கூட்டினேன். "கீ... ர..." அதற்கு மேல் எழுத்து எதற்கு? "கீரனூர்! இதுதான் நம்ம சாமி!" என்று கத்தினேன்.

மோர் குடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கூடிவிட்டார்கள். "இம்புட்டுக்காணு புள்ள பலகை படிக்குதே! யாரு பெத்த மவன்டி இது?"

ஆத்தா சிலையை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"எம் மவந்தான்" என்றாள். மாவிளக்கை வைத்துத் திரியை ஏற்றினாள். பெண்கள் குலவையிட்டார்கள். என் படிப்புக்கே குலவையிட்டது போல நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

போன மாதம் உங்களை அங்கே கூட்டிப்போனபோது ஒரு பலகை முன்னால் நான் நெடுநேரம் நின்றேனே, அதில் எழுதியிருந்தது கீரனூர் இல்லை. கீரமங்கலம். சிலைக்கு இரண்டு காதும் முழுசாக இருந்தன.

அன்றைக்கு ஆத்தா திரி அணையும் வரை காத்திருக்கவில்லை. எரியும் விளக்கை முந்தானையால் மறைத்தபடி வாசல் பக்கம் நடந்தாள். அங்கே மதிலோரமாய், வரிசையில் சேராமல், ஒரு சின்னச் சிலை சாய்ந்து கிடந்தது.

"தட்டு சுடுதுடா, செத்த நேரம் எறக்கி வைக்கிறேன்" என்று அதன் முன்னால் விளக்கை வைத்தாள். தங்கச்சியையும் இடுப்பிலிருந்து இறக்கினாள். குழந்தை கும்பிடுவது போல அந்தக் காலடியில் தலை கவிழ்ந்து கிடந்தது. ஆத்தா உருகிய நெய்யில் விரலைத் தோய்த்து, சிலையின் இடது காதில் மெல்லத் தேய்த்தாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பலகை படித்த ஆள் அல்லவா?

"நெய்க்கைய சேலையில தொடைக்கக் கூடாதா? யாரு சாமியோ, அது மேலயா தொடைக்கிறது?"

"இனிமே தொடைக்கல ராசா" என்றாள் ஆத்தா.